வாசல்படியில் வைத்த தீ

8 மே 2015, வெள்ளி

காற்று இந்த வருஷம் சீக்கிரமே இறங்கிவிட்டது. தோவாளையில் காற்று இறங்கினால் அந்தி விளக்கு நிற்காது. அம்மா பழைய பால்பொடி டின்னின் ஒரு பக்கத்தை வெட்டி, அதற்குள் விளக்கை வைத்து வாசல்படியில் ஏற்றுகிறாள். அப்படியும் இன்றைக்கு மூன்று தடவை அணைந்தது.

அனீஷ் கத்தாரிலிருந்து கூப்பிட்டார். நிச்சயம் முடிந்து மாசம் ஒன்று ஆகப்போகிறது, இதுவரை நாங்கள் பேசியதை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிவிடலாம்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நீங்க?"

"சாப்பிட்டேன்."

அதற்கப்புறம் அவர் அறையில் ஏசி இரைகிற சத்தம். "பின்னே வேற?" என்பார். வேற ஒன்றுமில்லை என்பேன். "சரி, வச்சிடட்டா?" வச்சாச்சு.

"பேசாத ஆளை நம்பாத பிள்ளே, ஊமை ஊரைக் கெடுக்கும்" என்கிறாள் அம்மா. அவளே அருமனையில், ரப்பர்த் தோட்டத்து வீட்டில், தேடிப் பிடித்த மாப்பிள்ளைதான்.

அவருக்குப் பேச்சு குறைவு என்பது எனக்குப் பெரிய குறையில்லை. பெரியம்மா மகள் தேவகனி அக்காவின் வீட்டுக்காரரும் நிச்சயத்தப்போ இப்படித்தான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். கல்யாணமாகி இரண்டாவது வாரம், குழம்பில் உப்பு கூடிப்போனதென்று சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் எறிந்தார். இன்றைக்கும் எறிகிறார். அக்கா எவர்சில்வருக்கு மாறிவிட்டாள்.

ஆகவே எனக்கு ஒரே ஒரு கேள்வி. கோபம் வந்தால் இந்த அருமனைக்காரர் என்ன செய்வார்? இதை யாரிடம் கேட்பது? அவரிடமே கேட்டால், எனக்குக் கோபமே வராது என்று சொல்லுவார். எல்லாரும் அதைத்தான் சொல்லுவார்கள்.

இன்றைக்கு வேறு ஒன்று கேட்டேன். வெள்ளிக்கிழமை லீவில் என்ன செய்வீங்க? ரொம்ப நேரம் ஏசி சத்தம். பிறகு, வெட்கப்பட்டுக்கொண்டு: "ஒரு கேம் உண்டு. மரம் வெட்டி, வீடு கெட்டி… சின்னப் பிள்ளையள் களிக்கது."

முப்பது வயசு ஆள் மரம் வெட்டி விளையாடுகிறாராம். எனக்கும் சொல்லித் தாங்க என்றேன்.


15 மே, வெள்ளி

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. எழுதி வைக்கிறேன்.

தங்கச்சி ஸ்மிதாவுக்குக் காலேஜில் கொடுத்த அரசு லேப்டாப். அவள் கூட்டுக்காரி பென்டிரைவில் விளையாட்டைக் கொண்டுவந்து ஏற்றிக் கொடுத்தாள். அனீஷின் அறைக்கூட்டாளி ரோமெல், பிலிப்பைன்ஸ்காரன், அவன் கம்ப்யூட்டரில்தான் அந்த விளையாட்டின் உலகம் ஓடுகிறது. அனீஷ் அனுப்பிய எண்களை அடித்தால் நாமும் அதே உலகத்தில் போய் இறங்கலாம். டேட்டா கார்டுக்கு வீட்டுக்குள்ளே சிக்னல் இல்லை. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி மறைவில் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

எல்லாமே சதுரம். மரம் சதுரம், மாடு சதுரம், சூரியனும் சதுரம். நிலம் மட்டும் முடிவில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. கண் எதிரே ஒரு மேடு முழுக்கப் பூ, சிவப்பும் மஞ்சளும். ஒரு தட்டு தட்டினால் கையில் வந்துவிடுகிறது. நான் தோவாளைக்காரி. அப்பா கோலப்பனுக்குப் பூச்சந்தையில் கடை. வெயில் ஏறும் முன்னே பறித்துவிடணும் என்பது நடக்கப் பழகிய நாளிலிருந்து கைக்குத் தெரியும். பறித்தேன். மேட்டை மொட்டையடித்தேன்.

அனீஷ் எழுதினார். அங்கே பேசுவதெல்லாம் எழுத்தில்தான், இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்.

"இருட்டப் போவுது. வீடு கெட்டியாச்சா?"

"வீடா?"

"கையில என்ன உண்டு?"

"பூ."

பிறகு, "எவ்வளவு?"

"ரெண்டு கூடை வரும்."

"அங்கயே நில்லு. நான் வாறேன்."

அவர் வருவதற்குள் இருட்டிவிட்டது. பச்சை முகத்தோடு ஒரு பிணம் கையை நீட்டிக்கொண்டு வந்தது. என்னிடம் கம்பில்லை, கல்லில்லை. பூவால் அடித்தேன்! செத்துப்போனேன். செத்தால் கையில் இருப்பதெல்லாம் அதே இடத்தில் சிதறிவிடுமாம், நாம் மட்டும் வெறுங்கையோடு ஆரம்பத்திலிருந்து எழும்பி வரணுமாம்.

"முதல்ல மரம். பின்னே வீடு. பின்னே மத்ததெல்லாம்," என்று எழுதினார். "உன் பூவையெல்லாம் பெறக்கி வச்சிருக்கேன். இங்க பூ வாடாது."

வாடாத பூ. அப்பாவிடம் சொன்னேன். "அப்பிடி ஒண்ணு வந்தா நம்ம தொழில் போச்சு மக்கா" என்றார்.


16 மே

சந்தையில் கேந்திப்பூவை எடை போடும்போதும் யோசனை அங்கேதான். அந்த மேட்டுக்குப் பின்னால் என்ன இருக்கும்?


22 மே, வெள்ளி

இன்றைக்குச் சாகவில்லை!

மரத்தைக் கையாலேயே குத்திக் குத்தித் தடி எடுத்தேன். தடியிலிருந்து பலகை, பலகை நாலு சேர்த்தால் ஒரு வேலைமேசை, அந்த மேசையில் வைத்தால்தான் கோடாலி. எது எதோடு சேரும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, கோலம் போடுகிற மாதிரி கட்டத்தில் அடுக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கணும். எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. குச்சிக்கு மேலே கரியை வைத்தேன், பந்தம் வந்தது. கத்திவிட்டேன். அம்மா மாடிக்கு ஓடிவந்து பார்த்துவிட்டு, "கல்யாணம் ஆகப்போற பொண்ணு மண்ணு தோண்டி விளையாடுகா" என்று இறங்கிப் போனாள்.

அந்தி சாயும் முன் மலைச்சரிவில் ஒரு பொந்து தோண்டி, உள்ளே போய், வாயை மண்ணால் அடைத்துக்கொண்டேன். வெளியே பிணங்கள் முனகின. பொந்துக்குள் என் பந்தம் எரிந்தது. பயமும் சந்தோஷமும் ஒன்றாக வரும் என்று இன்றைக்குத்தான் தெரியும்.

இன்னொரு ஆச்சரியம். எழுத்தில் இந்த ஆள் வாயாடி! செம்மறியிடமிருந்து ரோமம் எடுத்தால் கட்டில் செய்யலாம், எந்தக் கட்டிலில் படுத்தோமோ அங்கேதான் செத்தாலும் எழும்புவோம், காலுக்கு நேர்க்கீழே தோண்டக்கூடாது… ஒன்றுவிடாமல் சொல்கிறார். போனில் மட்டும் ஏன் நாக்கு ஒட்டிக்கொள்கிறது?


5 ஜூன், வெள்ளி

விளையாட்டில் அவர் கட்டியிருக்கும் வீட்டைப் பார்த்தேன். ரோமெலின் பின்னால் ஓடிப்போய்ப் பார்த்தேன் என்று சொல்லணும், எனக்கு வழி தெரியாது.

தூரத்திலிருந்தே சிரித்துவிட்டேன். அந்த உலகத்தில் மரங்கள் கண்டபடி முளைத்துக் கிடக்கின்றன. இவர் வீட்டைச் சுற்றி மட்டும் வரிசை வரிசையாய், கயிறு பிடித்துக் குழி எடுத்த மாதிரி மரம். ரப்பர்த் தோட்டக்காரர்! யாரும் சொல்லாமலே கை அப்படித்தான் நடும் போலிருக்கிறது. மேட்டை மொட்டையடித்த நான் அவரைக் கேலி செய்யலாமா? செய்தேன்.

"மரமெல்லாம் டிரில் வாத்தியாருக்குப் பயந்து நிக்கா?"

"அடுத்தடுத்து நட்டா வெளிச்சம் கிட்டாது," என்று பதில். கோபம் இல்லை.

வீடு முழுக்கப் பலகை. எட்டு மாசமாய்க் கட்டியதாம். மாடி, ஜன்னல், வாசலில் அகலமாய் ஒரு மரப்படி. உள்ளே பெட்டி பெட்டியாய் இரும்பும் தங்கமும். கடைசியில் இருந்த ஒரு பெட்டியைத் திறந்தால் அதில் பூ, நான் செத்த இடத்தில் சிதறிய பூ, சிவப்பு தனி மஞ்சள் தனியாக அடுக்கி வைத்திருந்தார். "சரி" என்று எழுதினேன். சரியாம்! நானும் ஏசி சத்தம்தான் போல.

என் கட்டிலை அங்கேயே போட்டுக்கொள்ளச் சொன்னார். பக்கத்து அறையில்தான். ரோமெல் கேலியாக ஏதோ எழுதினான், இவர் அவனை அதட்டினார்.


12 ஜூன், வெள்ளி

வேண்டுமென்றே சீண்டிப் பார்த்தேன். அவர் வளர்த்த கோழியை அடித்தேன், கோதுமையைப் பழுக்கும் முன் பிடுங்கினேன். "பச்சையா பிடுங்குனா விதை மட்டும்தான் கிட்டும்" என்று சொல்லித் தருகிறார். இது கோபமே வராத ஆளா, இல்லை அடக்கி வைத்து ஒருநாள் தட்டை எறிகிற ஆளா?

தேவகனி அக்கா வந்திருந்தாள். "சின்ன விஷயத்துல தெரியாதுட்டி. அவன் ஆசைப்பட்டது ஒண்ணு உடைஞ்சாத்தான் தெரியும்" என்றாள்.

அப்பா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு பிச்சிப்பூவைப் பந்து கட்டிக்கொண்டிருந்தார். அக்கா போனதும் சொன்னார்: "ஆடி பெறந்தா பத்திரிகை அடிக்கக் குடுக்கணும் மக்கா. அதுக்கு முன்ன எப்ப வேணும்னாலும் என்கிட்ட வேண்டாம்னு சொல்லு. அடிச்ச பொறவு சொன்னா நாலு பேருக்குப் பதில் சொல்லணும்." அவ்வளவுதான். மறுபடி பிச்சிப்பூ.


26 ஜூன், வெள்ளி



நோன்பு மாசம் என்பதால் அங்கே வேலை நேரம் குறைவு. இன்றைக்கு லீவு வேறு, மத்தியானமே விளையாட்டுக்குள் வந்துவிட்டார், நிலத்துக்கடியில் வைரம் தேடப் போயிருந்தார். நான் வீட்டில் தனியாக. ஓடையோரம் தோண்டும்போது ஒரு கறுப்புக் கல் கிடைத்தது. கட்டத்தில் இரும்போடு சேர்த்து வைத்தேன், சக்கிமுக்கி வந்தது. யாரும் சொல்லித் தராமல் நானே கண்டுபிடித்த முதல் சாமான்! தீ வருகிறது!

சரியாக அந்நேரம் அங்கே அந்தி சாய்ந்தது. சதுரச் சூரியன் மரவரிசைக்குப் பின்னால் இறங்கியது. வாசலில் அந்த அகலப் படி, அதில் விளக்கு இல்லை. நான் யோசிக்கவே இல்லை. அந்தி நேரத்தில் வாசல்படி இருட்டாகக் கிடக்கக்கூடாது, அவ்வளவுதான் கைக்குத் தெரிந்தது. படியில் தீ வைத்தேன். ஒரு நொடி எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா!

படியிலிருந்து கதவு. கதவிலிருந்து சுவர். நான் கையால் அடிக்கிறேன், ஒன்று அணைந்தால் ரெண்டு எரிகிறது. தண்ணீர் எடுக்கத் தெரியாது. அதை இன்னும் படிக்கவில்லை நான்! மாடி எரிந்தது. பெட்டிகள் எரிந்தன. தீ வரிசை மரத்துக்குத் தாவி, ஒவ்வொன்றாய், வரிசை மாறாமல் எரிந்தது.

அவர் மேலே ஏறி வந்தார். நின்றார். அவர் உருவத்துக்கு முகபாவம் கிடையாது, சும்மா நின்றது.

"எப்படி?"

"விளக்கு வச்சேன்."

அனீஷ் வெளியேறினார் என்று மஞ்சள் எழுத்தில் ஒரு வரி வந்தது. போனில் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

ஒரு விளையாட்டுதானே என்று ஸ்மிதா சொல்கிறாள். சவத்து விளையாட்டு! எட்டு மாசம் கட்டிய வீடு. பூப்பெட்டியும் போச்சு.


27 ஜூன்

போன் வரவில்லை.


30 ஜூன்

ஒரு மெசேஜ்: "வேலை கூடுதல்." நோன்பு மாசத்தில் என்ன வேலை கூடுதல்? பொய் சொல்லவும் தெரியாத ஆள்.

தட்டை எறிகிற ஆளும் இப்படி மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போகிற ஆளும் — எது மோசம்? தட்டு சத்தத்தோடு முடிந்துவிடும். இது எப்போது முடியும்? வாழ்க்கை முழுக்க ஏசி சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அருமனையின் அந்த இருட்டு ரப்பர்த் தோட்டத்தில், அட்டைப்பூச்சிகளோடு… என்னால முடியாது. சத்தியமா முடியாது.


3 ஜூலை, வெள்ளி

மாடிக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவேன்?

அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று கடைக்குப் போனேன். சம்பங்கி மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. சொல்லாமலே திரும்பி வந்தேன். ஆடிக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கிறது.


6 ஜூலை

ஸ்மிதா எனக்குத் தெரியாமல் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறாள். "அக்கா, அத்தான் ஒரேயடியா செத்துக்கிட்டே இருக்காரு" என்றாள்.

அங்கே யார் செத்தாலும் எல்லாருக்கும் ஒரு வரி வரும். அனீஷ் தீக்குழம்பில் விழுந்தார். அனீஷ் எரிந்துபோனார். மறுபடி தீக்குழம்பு. எனக்குச் சொல்லித் தந்த ஆள், காலுக்குக் கீழே தோண்டாதே என்ற ஆள், ஏன் இப்படி ஒரு கற்றுக்குட்டி மாதிரி சாகிறார்?

கோபமாய் இருந்தேன், உள்ளதைச் சொல்லணும் என்றால் இப்போது கோபத்தைவிட அதைத் தெரிந்துகொள்ளும் ஆசைதான் பெரிதாக இருக்கிறது. என் புத்தி அப்படி.


10 ஜூலை, வெள்ளி

போனேன். காற்று மாடியில் நிற்கவிடவில்லை, லேப்டாப்பை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கட்டில் எரிந்துபோனதால் உலகத்தின் ஆரம்ப இடத்தில்தான் எழும்பினேன், அந்த மொட்டை மேட்டில். வழி தெரியாது. சுற்றிப் பார்த்தேன். ஒரு மரக்கன்று. நாலு அடி தள்ளி இன்னொன்று. அதற்கு நேராக இன்னொன்று. இந்த உலகத்தில் நேர்கோட்டில் மரம் நடுகிற ஆள் ஒருத்தர்தான் உண்டு. வரிசையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன், எங்கும் திரும்பாமல் அது என்னைக் கொண்டுபோய் விட்டது.

கல்வீடு. சின்னதுதான், மாடி இல்லை. பலகை ஒன்றுகூட இல்லை. வாசல்படியின் நடுவில் ஒரே ஒரு கட்டம் மட்டும் வேறு கல், ரத்தச் சிவப்பில்.

அனீஷ் நின்றுகொண்டிருந்தார். ரோமெலும் இருந்தான். அவன்தான் முதலில் எழுதினான், இங்கிலீஷில்: உன் விளக்கு இவனைப் பலமுறை கொன்றுவிட்டது.

"அது என்ன கல்லு?" என்று கேட்டேன்.

"பாதாளத்துல கிட்டும். அங்க எல்லாம் தீயாக்கும். அந்தக் கல்லுல தீ வச்சா காத்துக்கும் மழைக்கும் அணையாது. சுத்தி கல்லு போட்டிருக்கேன், படராது."

"அதுக்கா அத்தனை தடவை செத்தீங்க?"

"வாளும் கவசமும் எல்லாம் வீட்டோட போச்சுல்லா. வெறுங்கையோட போனேன்."

கேட்டுவிட்டேன். இப்போது கேட்காவிட்டால் எப்போது?

"அன்னைக்குக் கோபம் வந்துச்சா?"

"வந்தது."

"எவ்வளவு?"

"நல்லா வந்தது."

பொய் சொல்லவில்லை.

"கோபம் வந்தா என்ன செய்வீங்க?"

எழுதுகிறார், அழிக்கிறார் என்று நினைக்கிறேன். "மிண்டமாட்டேன், ஒண்ணும் பேசமாட்டேன். மிண்டினா ஏதாவது வந்துரும் வாயில. பின்னே ஏதாவது ஒரு வேலை செய்வேன். செஞ்சு தீந்தா கோபமும் தீரும்."

"நீங்க மிண்டாம இருந்த நாளு எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? கல்யாணம் வேண்டாம்னு சொல்லப் போனேன், கடை வரைக்கும்."

ரோமெல் வெளியேறினான். தமிழ் தெரியாவிட்டாலும் புத்தி இருக்கிறது.

"அறியாது," என்று எழுதினார். "வீட்ல நாங்க எல்லாரும் இப்படித்தான். இது ஒருத்தரை வெஷமப்படுத்தி நோகடிக்கும்னு அறியாது." கொஞ்சம் கழித்து, "இனி சொல்லிட்டு மிண்டாம இருக்கேன்."

"என்னன்னு?"

"நான் கோபத்துல இருக்கேன். தீந்ததும் வாறேன்."

மாடியில் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது, காற்றில் தூசி என்று வைத்துக்கொள்ளலாம்.

அங்கே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. "அந்தி ஆச்சு. வை" என்றார். அவர் என் கையில் புதுச் சக்கிமுக்கியைப் போட்டார். வைத்தேன். இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தேன், கதவைத் தொடவில்லை. கீழே அம்மா டின்னுக்குள் விளக்கேற்றப் போராடும் சத்தம் கேட்டது.


13 ஜூலை

அப்பாவிடம் பத்திரிகைக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். "உள்ளதாச் சொல்லுகியா மக்கா?" என்று ஒரே தடவை கேட்டார். ஆமா என்றேன்.


4 அக்டோபர், ஞாயிறு, அருமனை

கல்யாணத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் எழுத உட்கார முடிந்தது. இவருக்கு லீவு இன்னும் கொஞ்ச நாள்தான்.

இங்கே ஓயாத மழை. வியாழக்கிழமை வீட்டில் யாருமில்லாதபோது மழை கொட்டியது. கொடியில் காயப்போட்டிருந்த ரப்பர் ஷீட்டையெல்லாம் ஓடி ஓடி எடுத்தேன். எடுத்து, சந்தையில் பூவுக்குச் செய்வதுபோல ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஈரச்சாக்கைச் சுற்றி, காற்றுப் புகாமல் கட்டி வைத்தேன். நல்ல வேலை செய்த பெருமை வேறு. இன்றைக்கு மத்தியானம் இவர் சாக்கை அவிழ்த்தார். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், பூஞ்சை பிடித்து, ஒரே கட்டி.

அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. விளையாட்டில் தெரியாத முகம் இது, முதல் தடவை பார்க்கிறேன்.

"நான் கோபத்துல இருக்கேன்," என்றார். "தீந்ததும் வாறேன்."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாமியார் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "எந்தா மோளே, அவன் இப்ப வாயைத் திறந்து என்னமோ பறஞ்சானே?" என்று அதிசயித்தாள். அவள் வீட்டு ஆண்கள் கோபத்தில் பேசி அவள் கேட்டதே இல்லையாம்.

நான் காத்திருந்தேன். பயம் இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் அது எப்போது முடியும் என்ற பயம் இல்லை. தோட்டத்துப் பக்கம் மண்ணைக் கொத்துகிற சத்தம் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தது. அடுக்களை வாசலிலிருந்து கிணற்றுக்குப் போகிற வழியில் தண்ணீர் கட்டி நிற்கும், அட்டை ஏறும், நான் தினமும் கத்துவேன். அங்கேதான் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார்.

மழை விட்டது. அந்தி ஆனது. வாசல்படியில் விளக்கு ஏற்றினேன். கை தானாகக் காற்றுக்கு மறைப்பாகப் போனது. இங்கே காற்றே இல்லை, சுற்றிலும் வரிசை வரிசையாய் மரம். மறைப்பை எடுத்த பிறகும் திரி அசையவில்லை.

கிணற்றடியில் கால் கழுவும் சத்தம். மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து படிக்குக் கீழே நின்றார், முழங்கால்வரை சேறு.

"சாப்பிட்டியா?" என்று கேட்டார்.